மார்மன் பையன் – 6: மேடையில் வாசித்த பெயர்

வாத்தியார் தோல்வாரை வெளியே எடுத்தார். கையை நீட்டு என்றார். மார்த்தா ஆன் நீட்டினாள். போன வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

அந்த வாரால் அவளை அடிக்கக் கூடாது என்று சத்தமாகச் சொன்னான் அண்ணன் ஜோசப். வாத்தியாருக்குக் கோபம் அவன் மேல் திரும்பியது. வாரோடு பாய்ந்து வந்தார். அப்புறம் நடந்ததை, தாடி நரைத்து, லட்சக்கணக்கானவர்கள் கும்பிடும் பெரிய மனிதரான பிறகும் ஜோசப் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: அன்றைக்கு அடி வாங்கியது வாத்தியார்தான். நன்றாகவே வாங்கினாராம்.

பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது.

வாத்தியாரை அடித்த பையனை ஊர் என்ன செய்யும்? அதட்டிக் கேட்க அப்பா இல்லை. 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல், அவன் அப்பா ஹைரம் ஸ்மித்தையும் சித்தப்பாவையும் சுட்டுக் கொன்றபோது அவனுக்கு ஐந்து வயது. அந்தச் சித்தப்பாதான் மார்மன் சமயத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித். அழுது நிறுத்த அம்மாவும் இல்லை. மாட்டு வண்டியில் அவனையே வண்டியோட்டியாக்கி, சமவெளி தாண்டி, மலை தாண்டி, 1848 செப்டம்பரில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த மேரி ஃபீல்டிங், நான்கே ஆண்டுகளில் போய்விட்டார். பதின்மூன்று வயதில் ஜோசப்புக்குச் சொந்தம் என்று ஒட்டிக்கொண்டிருந்தது முக்கியமாகத் தங்கைதான். அவளை நோக்கி ஒரு தோல்வார் நீண்டால் அவனுக்கு ரத்தம் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை.

1854 ஏப்ரல். சால்ட் லேக் நகரில் திருச்சபையின் மாநாடு. அந்தக் காலத்து வழக்கம் இப்படி: எந்த ஊருக்கு யார் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று தலைவர்கள் முடிவு செய்வார்கள். பெயர்ப் பட்டியலை மேடையில் வாசிப்பார்கள். உனக்குச் சம்மதமா, வீட்டில் கஞ்சிக்கு வழியிருக்கிறதா என்றெல்லாம் முன்கூட்டிக் கேட்பதில்லை. கூட்டத்தில் வந்து உட்கார்ந்த பிறகு தன் பெயர் காதில் விழுந்து திடுக்கிட்டவர்கள் ஏராளம்.

அன்று வாசித்த பெயர்களில் ஒன்று ஜோசப் எஃப். ஸ்மித். அனுப்பும் இடம் சாண்ட்விச் தீவுகள். இன்று நாம் ஹவாய் என்கிறோம்.

அவனுக்கு வயது பதினைந்து.

வாத்தியார் சண்டைக்கும் இந்த அழைப்புக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முரட்டுக் காளையை வண்டியில் பூட்டினால் அடங்கும் என்கிற கணக்கு. இருக்கலாம். என் பார்வையில், கொல்லப்பட்ட ஹைரமின் மகன் திண்ணையில் உட்கார்ந்து வீணாகிவிடக் கூடாது என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். நோக்கம் எதுவானாலும், வேலை பயங்கரமானது. இன்றைக்கு இதே திருச்சபை இளைஞர்களை ஊழியத்துக்குச் சேர்ப்பது பதினெட்டு வயதில். போகும் முன் பயிற்சி உண்டு. காலம் இரண்டு ஆண்டு என்று வரையறை உண்டு. வாராவாரம் வீட்டுக்குத் தொலைபேசலாம். ஜோசப்புக்கு இதில் ஒன்றும் கிடையாது. சம்பளம் இல்லை, வழிச்செலவு இல்லை, திரும்பி வரும் தேதி இல்லை.

கிடைத்தது ஓர் ஆசி. பெரியவர்கள் தலையில் கை வைத்தார்கள். பார்லி பிராட் என்ற அப்போஸ்தலர் ஜெபித்தார். தேவனின் வரத்தாலும் படிப்பாலும் ஹவாய் மொழி உனக்குக் கைகூடும் என்று அதில் ஒரு வாக்கு இருந்தது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பையனிடம் படிப்பால் ஒரு மொழி வரும் என்று சொல்ல, ஒன்று அசாத்திய நம்பிக்கை வேண்டும், அல்லது அவனைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும்!

மே 27 அன்று குதிரையேறினான். பதின்மூன்று வயதுத் தங்கையை உறவினர் பொறுப்பில் விட்டாயிற்று. தெற்கே பாலைவனத்தைக் கடந்தால் கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ. அங்கே மார்மன் குடியேற்றம் இருந்தது. அதன்பின் சான் பிரான்சிஸ்கோ. தங்கவேட்டைக் காலம்; துறைமுகமெங்கும் கப்பல்கள். ஏறுவதற்குத்தான் காசில்லை. மலைக்காட்டுக்குப் போய், கூரையில் ஓடு போல அடுக்கும் மரச்சில்லுகளைச் சீவிக் கூலி சேர்த்தான். ஒரு கோடை அதில் போயிற்று. செப்டம்பர் 8 அன்று ‘வக்கேரோ’ என்ற கப்பல் அவனையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டது. 27 அன்று ஹொனலுலு.

அவன் இறங்கிய ஹவாய் அமெரிக்காவின் மாநிலம் அல்ல. மூன்றாம் கமேஹமேஹா ஆண்ட தனி நாடு. ஆனால் உடைந்துகொண்டிருந்த நாடு. திமிங்கில வேட்டைக் கப்பல்களும் வியாபாரிகளும் கொண்டுவந்த நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மக்களை வாரிக்கொண்டு போயின. 1848இல் தட்டம்மை. 1853இல் பெரியம்மை, அது மட்டுமே ஆயிரக்கணக்கில் பலி வாங்கியது. அந்த ஆண்டு எடுத்த குடிக்கணக்கில் தீவுகள் எல்லாவற்றிலும் சேர்ந்து எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 73,000 பேர். அந்நியன் மேல் அந்த ஜனங்கள் காறித் துப்பியிருந்தாலும் நியாயமே.

மார்மன்களும் அங்கே புதிதல்லர். 1850 டிசம்பரில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். தங்கச் சுரங்கத்திலிருந்து நேரே ஊழியத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பார்த்தார்கள், எவரும் செவிகொடுக்கவில்லை. சில மாதங்களில் பாதிப்பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். நின்று பிடித்தவர்களில் ஜார்ஜ் கேனன் என்ற 23 வயது இளைஞர் மட்டும் வேறு வழி யோசித்தார்: உள்ளூர் மக்களிடமே போவோம். மௌயி தீவில் வைலுக்கு ஊர் நீதிபதி நபேலா அவருக்குத் தன் வீட்டைத் திறந்துவிட்டார். மார்மன் புத்தகம் ஹவாய் மொழிக்கு வந்ததே இந்த இருவர் கூட்டில்தான். ஆனால் அது அச்சேறியது 1855இல். ஜோசப் போன சமயத்தில் கையில் கிடைத்த ஹவாய் மொழி வேதம், போட்டிச் சபைக்காரர்களான பாஸ்டன் மிஷனரிகள் 1839இல் அச்சிட்டு முடித்த பைபிள்தான். எதிராளியின் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்ட வேண்டியிருந்தது.

ஜோசப்பை மௌயிக்கு அனுப்பினார்கள். ஹலேயாகலா எரிமலையின் சரிவில் குலா என்ற மேட்டு நிலம். தங்கவேட்டைக்காரர்களுக்காக உருளைக்கிழங்கு பயிரிட்டு கலிஃபோர்னியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஊர். கீழே கடற்கரை வியர்க்கும். குலாவில் இரவு குளிரும். புல் வேய்ந்த வீடுகள். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கரைத்த கூழ்தான் சாப்பாடு. சுற்றி உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் விரல் விட்டு வழித்துச் சாப்பிட வேண்டும். கோதுமை ரொட்டியும் மாட்டுக்கறியும் தின்று வளர்ந்த பையன். பேச்சுத் துணைக்கு அவன் மொழி தெரிந்தவர் அந்தச் சரிவில் எவரும் இல்லை.

சில நாட்கள்தான் ஓடியிருக்கும். காய்ச்சல் அடித்தது.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. வாரக்கணக்கில் ஆளைப் போட்டு எடுத்தது. மருத்துவர் இல்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட வாயில் சொல் இல்லை. மேய்ச்சல் காட்டில் ஓநாய்க்கு அஞ்சாதவன் பாயில் சுருண்டு கிடந்தான்.

அவனை எடுத்துப் பார்த்துக்கொண்டது ஒரு ஹவாய்ப் பெண். மனுஹீ என்று பெயர். பெற்ற பிள்ளைக்குச் செய்வதை எல்லாம் அவனுக்குச் செய்தார். ஊட்டினார், துடைத்தார், இரவில் கண்விழித்தார். பெரியம்மையில் எத்தனையோ வீடுகள் காலியான மறு ஆண்டு இது என்பதை நினைவில் வையுங்கள். நோயைக் கொண்டுவந்த நிறத்துக்காரனின் பிள்ளைக்கு ஒருத்தி நோய் பார்க்கிறார். அவன் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டான். அவர் வாயில் ஜோசப் ‘இயோசெபா’ ஆனான். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஹொனலுலு கரையில், கண் தெரியாத ஒரு முதியவள் கையில் சில வாழைப்பழங்களோடு அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு கூட்டத்தில் தட்டுத்தடுமாறி வருவாள். அவசரப்பட வேண்டாம், அந்தக் காட்சிக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன.

மிஷனரி வரலாறுகளை எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தை வழக்கமாக ஒரே பத்தியில் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்குப் பிரசங்கக் கணக்கும் ஞானஸ்நானக் கணக்கும் முக்கியம். எனக்கோ, ஜோசப்பின் ஊழியம் தொடங்கிய இடமே இந்தப் பாய்தான் என்று படுகிறது. படுத்துக் கிடந்தவன் காதில் நாள் முழுக்க விழுந்தது ஒரே மொழி. மருந்து, தண்ணீர், பசி, வலி, தூக்கம் என்று தேவையின் வரிசையில் சொற்கள் வந்து சேர்ந்தன. எழுந்து உட்கார்ந்தபோது பாதி மொழி உள்ளே இறங்கியிருந்தது. மீதியைப் பைபிளும் பிடிவாதமும் பார்த்துக்கொண்டன. நூறே நாளில் ஹவாய் மொழியில் பேசவும் ஜெபிக்கவும் கற்றுவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் சொன்னார். பார்லி பிராட்டின் வாக்கு பலித்தது என்பார்கள் மார்மன்கள். அதில் மனுஹீக்கும் ஒரு பங்கு எழுதினால் குறைந்துபோகாது.

அக்டோபர் மாதமே சித்தப்பா முறையான ஜார்ஜ் ஏ. ஸ்மித்துக்கு ஒரு கடிதம் போட்டான். எந்தக் கஷ்டம் வந்தாலும் இந்தப் பணியில் நிற்பேன் என்று வீராப்பாக ஓர் உறுதி அதில் இருக்கிறது. கடிதத்தில் அப்படி, உள்ளுக்குள் வேறு மாதிரி. கிட்டத்தட்ட உடுத்த உடையின்றி, வறுமையில், ஒரு வெள்ளைக்காரரை நிமிர்ந்து பார்க்கக்கூடத் துணிவில்லாமல் கூசிக் குறுகிக் கிடந்த நாட்களை முதுமையில் அவரே நினைவுகூர்ந்தார். அதே பேச்சில், தனக்கு நண்பர்களாக இருந்த ஹவாய் மக்களைத் தாழ்ந்துபோன ஏழை ஜனங்கள் என்று குறிப்பிடுகிறார். சோறு போட்டவர்களைப் பற்றி இப்படியா என்று படிக்கும்போது சுருக்கென்கிறது. அம்மா என்று கூப்பிட்ட அதே வாய்தான். அக்காலத்து வெள்ளையரின் பார்வை அவருக்குள்ளும் இருந்தது. அதைப் பூசி மெழுக எனக்கு மனமில்லை.

அப்படிக் குறுகிக் கிடந்த ஓர் இரவில்தான் அந்தக் கனவு. எங்கோ அவசரமாக ஓடுகிறான். கையில் ஒரு சிறு மூட்டை. வழியில் குளிக்கும் இடம் வருகிறது. தாமதமானாலும் பரவாயில்லை என்று குளித்து, மூட்டையைப் பிரித்தால் சுத்தமான வெள்ளை உடை. உடுத்திக்கொண்டு ஒரு மாளிகைக் கதவைத் தட்டுகிறான். திறப்பது சுடப்பட்டு இறந்த சித்தப்பா. நேரமாகிவிட்டதே என்கிறார். ஆமாம், ஆனால் சுத்தமாக வந்திருக்கிறேன் என்கிறான் பையன். உள்ளே அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார். விழித்தபோது தான் ஆண்மகனாகிவிட்டதாக உணர்ந்தானாம். அதன் பிறகு எவருக்கும் அஞ்சியதில்லை என்று 1918இல், சாவதற்குச் சில மாதங்கள் முன்பும் சொன்னார்.

பதினாறு வயதில் மௌயியின் சபைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. நடை, படகு, மறுபடி நடை. எழுத்துப்பிழைகளோடு தங்கைக்குக் கடிதம் எழுதினான். தினமும் நாட்குறிப்பும் எழுதினான்.

அந்த நாட்குறிப்புகள் இன்று எங்கே? இங்கேதான் சிக்கல்.

மௌயிக்கு எதிரே லனாய் என்று ஒரு சிறு தீவு. அதன் நடுவே பலவாய் என்ற வறண்ட பள்ளத்தில், ஹாலெலேயா என்ற பிரபு விட்டுக்கொடுத்த நிலத்தில், 1854இல் மார்மன்கள் ஒரு குடியிருப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஜோசப்பின் பெட்டி அங்கே ஒரு வீட்டில் இருந்தது. துணிமணி, புத்தகங்கள், ஊழியத்தின் முதல் நாளிலிருந்து எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் அதற்குள்.

1856 ஜூன். அந்த வீடு தீப்பிடித்தது.

சாம்பலைக் கிளறியபோது பெட்டி இருந்த இடத்தில் ஒரு புத்தகம் கிடந்தது. அதன் பக்கங்களுக்கு நடுவே ஒரு காகிதம். அது என்ன காகிதம்? அதைவிட அவசரமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஞாயிறு கூட்டம் வருகிறது. போக வேண்டியவர்கள் ஜோசப்பும் அவனுடைய கூட்டாளியும், இரண்டு பேர். மீந்திருக்கும் உருப்படியான உடுப்போ ஒன்றே ஒன்று. இருவரும் எப்படிச் சமாளித்தார்கள்?

(தொடரும்)