அசையாத இறைவனும் ஆடும் சாத்தானும்

ஞானக் கவிஞர் ஒருவரின் அகக்காட்சியை மேடையேற்ற முடியுமா? காவியம் என்றால் அதில் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு. ஞானக் கவிஞரின் படைப்பிலோ நிகழ்வதெல்லாம் உள்ளத்திலேயே நிகழ்கிறது. உள்ளத்துக்குத் திரையேது, விளக்கேது? இந்தக் கேள்வியோடு வில்லியம் பிளேக்கை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

பிளேக் (1757 - 1827) கவிஞர், ஓவியர், செப்புத்தகட்டில் செதுக்குவதைத் தொழிலாகக் கொண்டவர். சிறுவயதிலேயே மரமொன்றில் தேவதூதர்களைக் கண்டதாகச் சொன்னவர். முதுமையில், வறுமையின் நடுவே, விவிலியத்தின் யோபு கதையை 21 சித்திரங்களாகச் செதுக்கினார். அவை 1826இல் வெளிவந்தன. அந்தச் சித்திரங்களிலே விண்ணில் வீற்றிருக்கும் இறைவனுக்கும் மண்ணில் துன்புறும் யோபுவுக்கும் ஒரே முகம். சோதனை முழுவதும் ஒரு மனிதனின் உள்ளே நடைபெறுகிறது என்பதே பிளேக்கின் தரிசனம்.

பிளேக் மறைந்து நூறாண்டு நிறைந்த 1927இல் இதனை நடனமாக்க முனைந்தவர் ஜெஃப்ரி கெயின்ஸ். இவர் சத்திரசிகிச்சை நிபுணர், பிளேக் ஆய்வாளர். பொருளியலாளர் கெயின்ஸின் தம்பி. ருஷ்ய பலே நடனக் குழுவை நடத்திய டியாகிலெவ், ஆங்கிலத்தன்மை மிகுந்தது, பழைமையானது என்று இம்முயற்சியை ஏற்க மறுத்தார். இசையமைத்த றல்ஃப் வோன் வில்லியம்ஸ், கால்விரல் நுனியில் நின்றாடும் பலே முறையை விரும்பாதவர். ஆதலால் ‘நடனத்துக்கான மாஸ்க்’ என்று பழைய அரசவைக் கூத்தின் பெயரையே இதற்கு இட்டார். 1930இல் நோரிச் நகரில் இசை மட்டும் அரங்கேறியது. 1931 ஜூலை 5ஆம் திகதி இலண்டனில், நினெற் டி வலோயின் நடன அமைப்பில், முழுமையாக மேடையேறியது.

இவர்கள் செய்த முதல் நல்ல காரியம் சொற்களைக் கைவிட்டது. பிளேக்கின் வரிகளை நடிகர் ஒருவர் முழங்கியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும். சித்திரங்களிலுள்ள நிற்றலையும் வீழ்தலையும் எழுதலையும் அவர்கள் உடலுக்குக் கொடுத்தார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் போலித்தனத்தைச் சக்ஸபோன் இழைந்து குழைந்து காட்டிவிடுகிறது.

ஒரு சித்திரத்தில், யோபுவை அச்சுறுத்தும் ‘இறைவனின்’ பாதம் பிளவுபட்ட குளம்பாக இருக்கிறது. வந்திருப்பவன் சாத்தான் என்பதற்கு அது குறிப்பு. அரங்கின் கடைசி வரிசையிலிருந்து அந்தக் குளம்பு யாருக்குத் தெரியும்? மேடையிலோ விண்ணகம் திறக்கிறது. இறைவனின் அரியணையில் சாத்தான் அமர்ந்திருக்கிறான். வோன் வில்லியம்ஸ் அவ்விடத்தில் பேரோர்கனை முழங்க வைக்கிறார். கண்ணுக்கெட்டாத நுட்பம் காதுக்கு எட்டுகிறது. தழுவல் என்பது இதுதான் என்று கருதுகிறேன்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. முதல் மேடையேற்றத்தில் சாத்தானாக ஆடியவர் அன்ரன் டோலின். பாய்ச்சலும் சுழற்சியும் அவருக்கே உரியவை. இறைவனோ அரியணையில் அசையாதிருக்கிறார். ஆடல் அரங்கில் ஆடுகிறவனையே கண் தொடரும். நன்மையின் அமைதியைவிடத் தீமையின் வேகமே கவர்ச்சி பெறுகிறது. ஆன்மிகப் படைப்புகளை மேடைக்குக் கொண்டுவருவோர் எல்லோருக்கும் காத்திருக்கும் ஆபத்து இது.

அதிலிருந்து இவர்களைக் காத்தது ஒரு பெயர். இறைவனை மேடையில் காட்டுவதை ஆங்கில அரங்கு ஏற்காத காலம் அது. ஆகவே அந்தப் பாத்திரத்தை ‘யோபுவின் ஆன்ம உரு’ என்று அழைத்தார்கள். தடைக்கு அஞ்சி இட்ட பெயர்போலத் தோன்றினும், பிளேக் இரு முகங்களை ஒன்றாக வரைந்து சொன்னதும் இதையேதான். அந்த ஒருமையை மேடை இழந்திருந்தால் எஞ்சுவது வெறும் விவிலியக் கதை.

பிளேக்கின் முதற் சித்திரத்தில் யோபுவின் குடும்பம் ஏடுகளை விரித்து அமர்ந்திருக்க, இசைக்கருவிகள் மரத்தில் தொங்குகின்றன. இறுதிச் சித்திரத்தில் எல்லோரும் எழுந்து அவற்றை மீட்டுகிறார்கள். ஏட்டிலிருந்து இசைக்கு வரும் வழியை, மேடைக்கு நூறாண்டு முன்னரே கவிஞர் காட்டி வைத்திருக்கிறார்.