அடிமைத் தாயின் மகன்

கொள்ளைக் கூட்டம் பாய்ந்தது. ஒட்டகங்களை வளைத்து ஓட்டிச் சென்றது. அப்ஸ் குலத்து வீரர் துரத்துகின்றனர். ஒருவன் மட்டும் அசையாமல் நிற்கிறான். பாய்ந்து தாக்குமாறு கட்டளையிடுகிறான் தந்தை. பால் கறக்கவும் மடி கட்டவும் மட்டுமே அடிமைக்குத் தெரியும், போரிட அவனுக்கு என்ன தெரியும் என்று விடையிறுக்கிறான் மகன்! பகைவரோ தொலைவில் மறைந்துகொண்டிருக்கின்றனர். வேறு வழியில்லை தந்தைக்கு. தாக்கு, இனி நீ அடிமையல்லன் என்கிறான். அந்தச் சொல் செவியில் விழுந்த பிறகே பாய்ந்தான் மகன்.

அவன் பெயர் அந்தரா. தந்தை ஷத்தாத், தாய் ஸபீபா, அபிசீனிய அடிமைப் பெண். இஸ்லாம் தோன்றுமுன், 6ஆம் நூற்றாண்டில் நடந்ததாக மரபு கூறும் நிகழ்ச்சி இது. அடிமைப் பெண் ஈன்ற மகன், தந்தை மனமுவந்து ஏற்றாலன்றி அடிமையே என்பது அந்நாளைய வழக்கம். பெற்றவன் கண்ணெதிரே நிற்கிறான். ஆனாலும் மகன் மகனல்லன்!

அக்காலத்திற்கு ‘அறியாமைக் காலம்’ என்று பின்னோர் பெயரிட்டனர். ஏதுமறியாத காட்டு மக்கள் என்று நாம் எண்ணிவிடலாகாது. தெற்கே ஏமன் நாட்டில் மாரிப் அணையின் நீரால் வயல் விளைத்த அரசுகள் இருந்தன. வடக்கே, சிரியாவின் நமாராவில் கிடைத்த கல்லறைக் கல்வெட்டு, 328இல் இறந்த இம்ரு அல் கைஸ் என்பவனை அரபியர் அனைவருக்கும் அரசன் என்கிறது. இடைப்பட்ட பாலையிலோ அரசன் இல்லை, வழக்குமன்றம் இல்லை, காவலர் இல்லை. குலமே அரசு, குருதியே சட்டம்.

குலத்தலைவன் ஆணையிடும் மன்னனல்லன். கொடையாலும் வீரத்தாலும் சொல்வன்மையாலும் அவையில் முதலிடம் பெற்றவன், அவ்வளவே. ஒருவன் கொலையுண்டால், கொன்றவனை மட்டுமன்று, அவன் குலத்தில் எவனையும் பழிவாங்கலாம். இல்லையேல் குருதிப் பணமாக ஒட்டகங்கள் பெற்று அமையலாம். குலத்தார் விலக்கிய ஒருவனைக் கொன்றாலோ, கேட்பாரில்லை! குலத்தில் இடமுண்டு என்றால் உயிர் வாழலாம் என்று பொருள். அந்த இடத்தைத் தந்தது தந்தை வழி.

ஆண்டில் நான்கு மாதங்கள் போர் விலக்கப்பட்டவை. அப்போது தாயிஃப் நகருக்கு அருகே உகாழ் என்னும் சந்தை கூடும். சரக்கு விற்ற அதே திடலில் கவிதையும் அரங்கேறியது. நாபிகா என்னும் புலவர் செந்தோல் கூடாரத்தில் அமர்ந்து தீர்ப்பளிப்பார் என்றும், கன்ஸா என்னும் பெண்பாற் புலவர் அங்கே பாடினார் என்றும் சொல்வர். பெண்பாற் புலவர் அவையேறிய அதே சமுதாயத்தில்தான் பெண் மகவை உயிரோடு புதைத்த கொடுமையும் இருந்தது! தமீம் குலத்து ஸஃஸஆ என்பவன் ஒட்டகங்களை விலையாகக் கொடுத்து அத்தகைய குழந்தைகளை மீட்டான் என்பர்; அவன் பேரனான புலவர் ஃபரஸ்தக் அதனைத் தம் குலப்பெருமையாகவே பாடினார்.

பாட்டு வல்லவனுக்கும் பிறப்புத் தடை நீங்கியதா? கறுப்பினத் தாய்மார் பெற்ற புலவர்களை ‘அரபியரின் காகங்கள்’ என்றனர். அந்தராவோடு குஃபாஃப், ஸுலைக் ஆகியோரும் அவ்வரிசையில் எண்ணப்பட்டனர். இவ்விருவரும் தந்தை பெயரால் அன்றித் தாய் பெயரால் அறியப்பட்டனர். தந்தை வழியே மதிப்பளந்த மண்ணில், அந்த அழைப்பிலேயே ஒரு முள் இருந்தது.

அந்தராவைத் தேடி வந்தது போர். அப்ஸ் குலமும் துப்யான் குலமும் ஒரே மரத்தின் கிளைகள். தாஹிஸ், கப்ரா என்னும் குதிரைகளை ஓட்டிப் பந்தயம் வைத்தனர். வழியில் ஆள் மறைத்துத் தாஹிஸைத் தடுத்துவிட்டனர் துப்யானியர் என்று எழுந்தது பூசல். பூசல் கொலையாயிற்று, கொலை பழிக்குப்பழி ஆயிற்று. நாற்பதாண்டு நீண்டது என்கிறது மரபு. குதிரைக்காக ஒரு தலைமுறை அழிந்தது! இறுதியில் ஹரிம், ஹாரிஸ் என்னும் இருவர் குருதிப் பணத்தைத் தம் பொறுப்பில் ஏற்று அமைதி கண்டனர். புலவர் ஸுஹைர் அவர்களைப் பாடிய பாட்டு இன்றும் கற்கப்படுகிறது. அந்தப் போரில் அப்ஸ் குலத்தின் புகழ் காத்த கைகளுள் ஒன்று, நேற்றுவரை ஒட்டகம் மேய்த்த அடிமையின் கை.

இவையெல்லாம் வாய்மொழியாக வழங்கி, ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு முதல் எழுத்தில் தொகுக்கப்பட்டவை. பழம்பாடல்களில் பெரும்பகுதி பின்னாளில் புனையப்பட்டதே என்று எகிப்திய அறிஞர் தாஹா ஹுசைன் 1926இல் எழுதியபோது நாடே கொந்தளித்தது. முற்றும் பொய் என்று அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் ஐயுற்றுப் பார்க்கும் துணிவை அவர் தந்தார். அந்தராவின் கதையிலும் எது நிகழ்ந்தது, எது சேர்ந்தது என்று பார்த்தல் வேண்டும்.

சேர்ந்த பகுதி ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தராவின் பெயரால் பிற்காலத்தில் மாபெரும் வீரகாவியம் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில்கூடக் கெய்ரோ நகரத்துக் காப்பிக் கடைகளில் அதனைப் படித்துக் காட்டுவோர் இருந்தனர். மக்கள் மகிழ்ந்து கேட்டனர். வாளால் விடுதலை பெற்றவன், பாட்டால் புகழ் பெற்றவன், அவனுக்கு இனி என்ன குறை? கதை கட்டியவர்களுக்கு ஒரு குறை தெரிந்தது. ஆகவே, ஸபீபா உண்மையில் அடிமையல்லள், அபிசீனிய அரச குடும்பத்துப் பெண் என்று கதையை முடித்துக்கொண்டனர்!