சோற்றுக் கணக்கு: கம்பாரின் சீனர் கடைகள்

கம்பாரில் படித்த யாரிடமும் அந்த ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சாப்பாட்டைத்தான் சொல்வார்கள். கறிக்கோழி ரொட்டி, சட்டிச்சோறு, மீன் உருண்டை மீ, கைச்சாய்பெங் பிஸ்கட். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில், அதாவது யுதாரில், நான்கு ஆண்டுகள் பொறியியல் படித்த நானும் அப்படித்தான். பாடங்களில் பாதி மறந்துவிட்டது. எந்தக் கடையில் கரி அடுப்பு, எந்தக் கடையில் எரிவாயு அடுப்பு என்பது மட்டும் மறக்கவில்லை.

இவ்வளவு சிறிய ஊரில் எதற்கு இத்தனை சாப்பாட்டுக் கடைகள்? மாணவர்கள் இருக்கிறார்கள், அதனால் கடைகள் இருக்கின்றன என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். ஆனால் யுதார் கம்பாருக்கு வந்தது 2007-இல். ஜாலான் இட்ரிஸில் உள்ள பழைய கடைவீடுகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை. மாணவர்களுக்கு முன்னால் அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்கள் யார், அவர்களின் சோற்றுக்கு யார் கணக்கு எழுதினார்கள் என்று தேடத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

கம்பார், புஜாங் மலாக்கா மலையடிவாரத்தில் இருக்கிறது. 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பேராக் பிரிட்டிஷார் பிடிக்குள் வந்தது. லாருட்டில் தொடங்கிய ஈய வேட்டை 1880களில் கிந்தா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. கோப்பெங், பத்து காஜா, ஈப்போ, கம்பார் எல்லாம் அந்த வேட்டையில் பெருத்த ஊர்கள். சுரங்க வேலைக்குத் தென்சீனாவிலிருந்து கான்டனியரும் ஹக்காக்களும் வந்தார்கள். இன்றுவரை கம்பார் கடைத்தெருவின் மொழி கான்டனீஸ்தான். 1890களில் தெலுக் ஆன்சன் துறைமுகத்தையும் ஈப்போவையும் இணைக்கும் ரயில் பாதை கம்பார் வழியாகப் போடப்பட்டது. தண்டவாளம் பதித்த கைகளில் நம்முடைய கைகளும் இருந்தன. ஈயம் தோண்டியவர் சீனர், அதை ஏற்றிப்போன பாதையை அமைத்தவர்களில் தமிழர். இரு கூட்டமும் ஒரே ஊரில் இருந்தும் ஒரே வேலையிடத்தில் நின்றது குறைவு.

ஈயலம்பத்தின் தொழில்நுட்பம் ஒரு பொறியாளனுக்கு இன்றும் அழகாகத்தான் தெரிகிறது. உயர் அழுத்த நீரை மண்சுவர்மேல் பீய்ச்சி அடிப்பார்கள். கரைந்த சேறு பள்ளத்தில் தேங்கும். பம்பு அதை உறிஞ்சி, மரக்கால்களின் மேல் உயரத்தில் நிற்கும் நீண்ட சாய்வான வாய்க்காலுக்கு ஏற்றும். அதற்குப் பாலோங் என்று பெயர். ஈயத்தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனமானது. சாதாரண மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். அதனால் பாலோங்கில் குறுக்கே அடித்த கட்டைகளுக்குப் பின்னால் தாது படிந்துவிடும், மணல் வழிந்து ஓடிவிடும். அப்படியும் தப்பிய தாதை, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, டூலாங் என்ற மரத்தட்டில் அலசி எடுத்தவர்கள் பெண்கள். கம்பாரில் உள்ள ஈய அருங்காட்சியகத்தில் இதையெல்லாம் பார்க்கலாம்.

அருங்காட்சியகத்தில் இயந்திரங்கள் கண்ணில் படுகிற அளவுக்கு இன்னொரு விஷயம் கண்ணில் படுவதில்லை. அதுதான் சோற்றுக் கணக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுரங்கத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கையில் வராது. கொங்சி வீட்டில் படுக்கை. அரிசி, எண்ணெய், கருவாடு, புகையிலை, அபின் எல்லாம் முதலாளியோ, முதலாளிக்கு முன்பணம் கொடுத்த தவுக்கேயோ தருவார். ஒவ்வொன்றும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்படும். விலை சந்தை விலையைவிட அதிகம். ஆண்டுக்கு ஓரிரு முறை, பெரும்பாலும் ஈயம் விற்ற பிறகு, கணக்குத் தீர்ப்பார்கள். ஈயத்தின் விலை விழுந்து சுரங்கம் நஷ்டப்பட்டாலும், தொழிலாளி தின்ற அரிசியிலும் புகைத்த அபினிலும் தவுக்கேக்கு லாபம் கிடைத்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், அவன் தோண்டிய ஈயத்தைப் போலவே அவன் வயிறும் ஒரு சுரங்கம்.

இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே படவில்லை. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் பேசியவர்களுக்கு இந்தக் கதை தெரியும். தவுக்கேக்குப் பதிலாகக் கங்காணி. கொங்சி வீட்டுக்குப் பதிலாக லயம். பற்றேட்டுக்குப் பதிலாகக் கிராணியாரின் செக்ரோல். அரிசி முன்கூட்டியே கொடுக்கப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்படும். அபினுக்குப் பதிலாகத் தோட்டத்துக் கள்ளுக்கடை. இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவருவது 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938-இல், இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் ஓய்ந்தது. அதுவரையிலும் அதற்குப் பிறகும் "கடனில்லாம ஒரு வேளை சோறு" என்பது தோட்டத்தில் சாதாரண ஆசை இல்லை.

நாம் இரண்டு வரலாறுகளையும் தனித்தனி அலமாரிகளில் வைத்துப் பழகிவிட்டோம். சீனர் என்றால் வியாபாரி, தமிழர் என்றால் தொழிலாளி. ஆனால் கிந்தாவுக்கு வந்த சீனர்களில் பெரும்பான்மையோர் வியாபாரிகள் அல்லர், பற்றேட்டில் பெயராக இருந்த தொழிலாளிகள். இதை வைத்துப் பார்க்கும்போதுதான் ஊருக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை திறப்பதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கையில் காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். பிடித்ததைக் கேட்கலாம். தின்று முடித்துக் காசை வைத்துவிட்டு, யாருக்கும் கடன்படாமல் எழுந்து போகலாம். கூலியாக இருந்தவன் அந்த அரை மணி நேரம் வாடிக்கையாளன். பளிங்கு மேசையும் வளைந்த மர நாற்காலியும் கொண்ட பழைய கோப்பிக் கடைகளைப் பார்த்து இன்று நாம் ரசிக்கிறோம். அன்று அங்கே வந்தவனுக்கு அந்த நாற்காலி ஒரு விடுதலை.

கோப்பிக் கடைகளைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் ஹைனானியர். அவர்கள் தாமதமாக வந்தவர்கள். ஈயமும் வாணிபமும் ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருந்ததால், வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாகப் போனார்கள். ரொட்டி சுடவும், துரைக்குக் கறி வைக்கவும் அங்கேதான் கைவந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடைவாடகை சரிந்தபோது அவர்களில் பலர் சொந்தமாகக் கடை திறந்தார்கள். இந்தப் பக்கத்துச் சீனர் கடைகளில் ரொட்டியும் கறியும் ஒரே மேசைக்கு வந்ததற்கு இந்தப் பின்னணி முக்கியமானது.

கம்பாரின் கறிக்கோழி ரொட்டியைப் பார்க்காதவர்களுக்காக: தலையணை மாதிரி ஒரு பெரிய ரொட்டி. மேலே பிளந்தால் உள்ளே காகிதத்தில் பொதிந்த கோழிக் கறி, உருளைக்கிழங்கோடு ஆவி பறக்கும். முதல் முறை பிளந்தபோது என் கூட்டாளி ஒருவன், "டேய், இது நம்ம கறிடா" என்றான். மேசையில் இருந்த சீனத் தோழி சிரித்துவிட்டு, "எங்க பாட்டி வைக்கிற கறி" என்றாள். இரண்டுமே சரிதான். மசாலா நம் கடல்வழியில் வந்தது, ஆனால் அது சீனர் அடுப்புக்கு வந்த ஒரு வழி துரை வீட்டுப் பின்வாசல். இதை ஒற்றுமைச் சுவரொட்டியாக மாற்றிவிடுவது சுலபம். எனக்குத் தெரிவது வேறு. வேலையிடத்தில் பிரித்து வைக்கப்பட்ட இரண்டு கூட்டங்கள் சமையலறையில் சந்தித்திருக்கின்றன, அதுவும் இன்னொருவருக்குச் சமைத்துப் போடும்போது.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. சோற்றுக் கணக்கு மறுபடியும் ஊருக்குள் நுழைந்தது, இந்த முறை அரசாங்கத்தின் கையில். பிரிக்ஸ் திட்டத்தின்படி 1950 முதல் ஏறக்குறைய 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் குடியேற்றப்பட்டார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அத்தகைய கிராமங்கள் அதிகம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடையில் டின் உணவு வாங்கினால், அதை ஓட்டை போட்டுத்தான் தருவார்கள், சேமித்து வைக்க முடியாதபடி. சில இடங்களில் பச்சரிசி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கவேண்டும், ஏனென்றால் வெந்த சோறு சீக்கிரம் கெட்டுவிடும். தோட்டங்களிலும் லயங்கள் ஒன்றாகக் குவிக்கப்பட்டு வேலி போடப்பட்டது, பால் வெட்டப் போகிறவர்கள் சோதனைக்கு நின்றார்கள். ஒரு கவளம் சோறு கையில் இருப்பதற்கு விளக்கம் சொல்லவேண்டிய காலம் அது. இதை அனுபவித்த தலைமுறை, "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை வெறும் மரியாதை வார்த்தையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு ஈயம் விழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி உலகின் மிகப்பெரிய ஈய உற்பத்தி நாடாக இருந்த மலாயாவுக்கு, பிந்திய மலேசியாவுக்கு, 1985 அக்டோபர் 24 கறுப்பு நாள். விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரித்தது. விலை பாதியாகச் சரிந்தது. கிந்தாவில் லம்பங்கள் வரிசையாக மூடின. இளையோர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இன்னும் பலர் சுற்றுலா விசாவில் ஜப்பான், அமெரிக்கா, இங்கிலாந்து என்று பறந்து, அங்கேயே தங்கித் தலைமறைவாக வேலை செய்தார்கள். சீனத்தில் இதற்கு "விமானம் குதித்தல்" என்று பெயர். குதித்தவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது உணவகத்தின் பின்கட்டு. பாத்திரம் கழுவுதல், காய் நறுக்குதல், வாணலி பிடித்தல். கிழவர்களும் குளங்களும் மட்டும் மிஞ்சிய ஊர்கள் என்று கிந்தாவின் சிற்றூர்களைப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

அந்தக் குளங்களுக்கு நடுவில்தான் எங்கள் வளாகம் வந்தது. நாங்கள் மாலையில் நடக்கப்போகும் ஏரி, பழைய லம்பக் குழி. மாணவர்கள் வந்ததும் புதிய நகரப் பகுதி முளைத்தது, அதில் தாய்ச்சாவ் கடைகள், சைவச் சீனர் கடைகள், நள்ளிரவு மீ கடைகள். பி.டி.பி.டி.என் கடன் வங்கிக் கணக்கில் ஏறும் வாரத்தில் மேசை கிடைக்காது. நாங்களும் கடனில்தான் தின்றோம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கடனை எந்தத் தவுக்கேயும் சோற்றில் பிடிக்கவில்லை. "லெங்சாய், மாவ் மாக்கான் அப்பா?" என்று ஆண்டி கேட்பார். மாடு வேண்டாம் என்று நான் சொன்னால், "நானும் சாப்பிடமாட்டேன், குவான்யின் சாமி" என்பார். அவர் கும்பிடும் சாமியும் என் அம்மா கும்பிடும் சாமியும் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயினர். மலாய் நண்பர்கள் மட்டும் அந்த மேசைக்கு வரமுடியாது. எல்லாரும் சேர்ந்து தின்ன வேண்டுமென்றால் மாமாக் கடைக்குப் போவோம். இதையும் சொல்லாமல் சீனர் கடையைப் புகழ்வது நேர்மையாகாது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மாணவர்கள் வீடு திரும்பியபோது, 1985-ஐக் கண்டவர்கள் இரண்டாவது முறை காலித் தெருவைப் பார்த்தார்கள். லம்பத்தை நம்பியிருந்த ஊர் இப்போது மாணவனின் வயிற்றை நம்பியிருக்கிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவ்வப்போது கம்பாருக்குப் போகிறேன். போன முறை ஒரு கடையின் பின்பக்கம் கைகழுவப் போனபோது, எரிவாயு உருளைகளுக்குப் பக்கத்தில் குந்தி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வங்காளதேசத்து இளைஞர். முன்னால் எங்கள் மேசைக்கு வந்த சட்டிச்சோறு அவர் கையால் ஆக்கியது. அவர் தட்டில் வெறும் சோறும் பருப்பும் பச்சைமிளகாயும். மலாயில் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கியதாகவும், முதல் இரண்டு வருடச் சம்பளம் அந்தக் கடனுக்கே போனதாகவும் சொன்னார். தங்குமிடம் கடை மாடியில்.

பினாங்கு மாநிலம் 2016 முதல் அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கத் தடை போட்டிருக்கிறது. சுவை கெட்டுப்போகுமாம், பாரம்பரியம் போய்விடுமாம். பாரம்பரியம் எது என்று கேட்டால், கிந்தாவில் எனக்குத் தெரிந்த ஒரே பதில், கடன்பட்டுக் கடல் தாண்டி வந்தவன் இன்னொருவனுக்கு ஆக்கிப்போட்டது என்பதுதான். ஹைனானியச் சமையல்காரர் துரைக்கு ஆக்கினார். விமானம் குதித்த கம்பார் பையன் டோக்கியோவில் ஆக்கினான். இன்று டாக்காவிலிருந்து வந்தவர் நமக்கு ஆக்குகிறார்.

நம் தாத்தாக்களின் செக்ரோலைப் பற்றி நாம் கதை எழுதுகிறோம், கவிதை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்ற தொனியில் எழுதுகிறோம். அடுத்த முறை சீனர் கடையிலோ, மாமாக் கடையிலோ, நம்முடைய வாழையிலைக் கடையிலோ உட்காரும்போது, சமையலறைக் கதவு திறந்திருந்தால் கொஞ்சம் உள்ளே பாருங்கள். ஏடு அங்கேதான் இன்னும் எழுதப்படுகிறது, கையெழுத்து மட்டும் மாறியிருக்கிறது.