செருப்புப் போட ஒரு அரசாணை

ஒரகடம் கூட்டு ரோட்டில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். புத்தம்புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் உறுமும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. அப்புறம் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்ட்... ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று எழுதி எழுதிப் பத்திரிகைக்காரர்களுக்கே அலுத்துப்போயிருக்கும்.

சரி, இந்த வட்டாரத்தில் வண்டி செய்கிற தொழில் எப்போது ஆரம்பித்தது?

1998 என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். அதே ஸ்ரீபெரும்புதூரில் சித்திரை மாதம் ராமானுஜருக்குத் தேர் ஓடும். அதுவும் வண்டிதான். நாலு சக்கரம், அச்சு, சட்டம், மேலே அடுக்கடுக்காக பாடி. மரத்தால் ஆனது என்பதுதான் வித்தியாசம். அதைச் செய்கிறவர்களுக்கு அந்தக் காலக் கல்வெட்டுகளில் ஒரு பெயர் உண்டு... ரதகாரர்!

இன்றைக்கு நகரங்களில் மரவேலை க்ளப் என்று ஒன்று வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இழைப்புளியும் கையுமாக நின்று ஒரு ஸ்டூல் செய்து முடித்தால் சந்தோஷப்படுகிறார்கள். நல்ல பொழுதுபோக்கு. நம் ஊரில் இருந்த பழைய ‘க்ளப்’ வேறு மாதிரி. தச்சர், கொல்லர், கன்னார், சிற்பி, தட்டார் என்று ஐந்து தொழில்காரர்கள் சேர்ந்த கம்மாளர் கூட்டம் அது. மெம்பராக ஃபீஸ் கிடையாது. அந்தக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1118-ஆம் வருடம். சோழ நாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. மரபுக் கணக்குப்படி பார்த்தால் ராமானுஜருக்கு அப்போது வயது நூற்றொன்று. ராஜாஸ்ரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் கூடி உட்கார்ந்து, சாஸ்திர நூல்களைப் புரட்டி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். ரதகாரர்கள் என்னென்ன தொழில் செய்யலாம்? வீடு கட்டலாம், தேரும் வண்டியும் செய்யலாம், கோபுரமும் மண்டபமும் எழுப்பலாம், யாகத்துக்கு வேண்டிய கருவிகள் செய்யலாம், அரசனுக்கு நகை செய்யலாம்... திருச்சி உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டு சொல்கிற விஷயம் இது.

படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தேர் செய்கிறவன் பெயரே ரதகாரன். அவன் தேர் செய்யலாமா என்பதை, உளியைத் தொட்டே பார்க்காதவர்கள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள்!

இன்னொரு கல்வெட்டு இதையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கொங்கு நாட்டில், கருவூர் வட்டாரமான வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு ஓர் அரசன் அனுப்பிய ஆணை அது. ‘கோனேரின்மைகொண்டான்’ என்று அவனைக் குறிப்பிடுகிறது. பல மன்னர்கள் சூட்டிக்கொண்ட பட்டப்பெயர் இது. பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதத்திலிருந்து கம்மாளர்களுக்குச் சில சலுகைகள் தருகிறானாம். என்ன தெரியுமா? வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

அதாவது, அதற்கு முந்தின நாள் வரைக்கும் கூடாது! ஊரில் உள்ள அத்தனை மாளிகைக்கும் உத்தரமும் கதவும் செய்துகொடுத்துவிட்டுப் பூசாத வீட்டுக்கு வெறுங்காலோடு நடந்து போயிருக்கிறார்கள். தனி ஆளாகக் கேட்டால் இதெல்லாம் கிடைத்திருக்குமா? ஆணை ‘கம்மாளர்களுக்கு’ என்று மொத்தமாகத்தான் வந்திருக்கிறது. கூட்டமாக இருந்ததற்குக் கிடைத்த கூலி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே கரூர்தான் இன்றைக்கு பஸ் பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர். பக்கத்திலேயே நாமக்கல், திருச்செங்கோடு... லாரி பாடிக்கு. முன்பெல்லாம் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். வெறும் சேஸிஸ் மேல் ஒரு சீட்டைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி ஒரு டிரைவர் போவார். ஆலையில் செய்தது அவ்வளவுதான். மீதியை ஆசாரிமார்கள்தான் மரத்தில் இழைத்துப் பூட்டி முடித்தார்கள்.

சென்னைக் கதையும் இதேதான். மவுன்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840-ல் ஆரம்பித்தது. குதிரை பூட்டிய கோச் வண்டிகள் செய்வதுதான் தொழில். அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-ல் நீராவியில் ஓடும் ஒரு காரைச் செய்து மதராஸ் தெருவில் ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் செய்த முதல் கார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கார் கம்பெனி என்று எதுவும் இல்லாத நாட்டில், மரத்தில் கோச் வண்டி செய்த பட்டறையிலிருந்துதான் அது வந்தது.

தேருக்கு வருவோம். சமீப காலத்தில் பல கோயில் தேர்களுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் திருச்சி ‘பெல்’ நிறுவனத்திலிருந்து வந்திருக்கின்றன. ஆனாலும் ஸ்டியரிங் கிடையாது. பிறகு எப்படித் திரும்புகிறது? முட்டுக்கட்டை! ஆப்பு மாதிரிச் செதுக்கிய மரக்கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் நேராகக் கொடுத்தால் தேர் நிற்கும். கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் சக்கரம் கட்டையில் ஏறி, வழுக்கி, மூக்கைத் திருப்பும். எத்தனை டிகிரி சாய்ப்பது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. நகர்ந்து வருகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி ஓடி, கையை இழுத்துக்கொள்ள அரை விநாடி மட்டுமே வைத்துக்கொண்டு செய்கிற காரியம்.

அடுத்த சித்திரையில் ஸ்ரீபெரும்புதூர் போனால் எல்லோரும் மேலே ராமானுஜரைப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். கும்பிட்டு முடித்ததும், கொஞ்சம் கீழே சக்கரத்துப் பக்கமும் பாருங்கள். கட்டையை நீட்டிக்கொண்டு ஒருவர் குனிந்திருப்பார்.