பொதிமாடும் இருப்புப்பாதையும்: பஞ்சாரர் வணிக வலையமைப்பின் எழுச்சியும் சிதைவும்

முன்னுரை

விளையும் இடத்திலிருந்து வேண்டும் இடத்திற்குப் பொருளைக் கொண்டு சேர்ப்பவர்கள் வரலாற்றில் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நின்றுவிடுகின்றனர். நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டிற்கு ஏற்றிச்சென்ற உமணரின் வாழ்வைச் சங்கப் பாடல்களின் வழி அறிய முடிகிறது. தக்காணத்திலும் வட இந்தியாவிலும் அதே தொழிலைப் பேரளவில் செய்தவர்கள் பஞ்சாரர்கள். தமிழகத்தில் இவர்கள் லம்பாடியர் எனப்படுவர். இவர்களது வணிக வலையமைப்பு சிதைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தாண்டா

பஞ்சாரர் கூட்டம் 'தாண்டா' எனப்பட்டது. அதன் தலைவன் 'நாயக்'. 1632-இல் ஆக்ராவிலிருந்து பாட்னாவிற்குச் சென்ற ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி, தானியம் சுமந்த 14,000 மாடுகள் கொண்ட தாண்டாவைக் கண்டதாகக் குறித்துள்ளார். அதே நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, கோதுமை முதலிய தானியம், அரிசி, பருப்பு, உப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரிவினர் ஏற்றிச் சென்றதாக எழுதுகிறார்.

இவ்வமைப்பின் வலிமை அதன் சிக்கனத்தில் இருந்தது. மாடுகள் வழியோர மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்ததால் தீவனச் செலவு குறைந்தது. குடும்பமே உடன் சென்றதால் கூலியாள் தேவை மிகுதியாக இல்லை. வண்டி செல்லாத மலைவழியிலும் பொதிமாடு சென்றது. எந்தச் சந்தையில் எப்பொருளுக்குத் தட்டுப்பாடு என்னும் அறிவே நாயக்கின் முதன்மையான மூலதனமாக விளங்கியது.

இவர்களது இன்றியமையாமையைப் போர்கள் உணர்த்தின. 1791-இல் உணவுப் பற்றாக்குறையால் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கிய காரன்வாலிஸின் படைக்குப் பின்னர்த் தானியம் கொணர்ந்தவர்களுள் பஞ்சாரர் குறிப்பிடத்தக்கவர். 1803-ஆம் ஆண்டு மராத்தியப் போரில் ஆர்தர் வெல்லஸ்லியும் இவர்களையே நம்பினார்.

புதிய தொழில்நுட்பம்

1853-இல் பம்பாய்க்கும் தாணேவிற்கும் இடையே தொடங்கிய இருப்புப்பாதை, 1863-இல் போர்காட் மலையைக் கடந்தது. 1870-இல் பம்பாயையும் கல்கத்தாவையும், 1871-இல் பம்பாயையும் சென்னையையும் இணைத்தது. பல கிழமைகள் பிடித்த வழியைச் சரக்கு சில நாள்களில் கடந்தது. 1855 முதல் பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்த தந்தி, விலைச் செய்தியை விரைவில் பெருவணிகரிடம் சேர்த்தது. இருப்புப்பாதை பறித்தது நாயக்கின் சுமையை. தந்தி பறித்தது அவனது அறிவின் மதிப்பை.

எனினும் இச்சிதைவைத் தொழில்நுட்பத்தின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. 1878-ஆம் ஆண்டு வனச்சட்டம் காட்டு மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியது; பொதிமாட்டுப் போக்குவரத்தின் சிக்கனத்திற்கு அடிப்படையே அம்மேய்ச்சல்தான். இருப்புப்பாதை எட்டாத ஊர்களில் எஞ்சியிருந்த தொழிலையும் இது நலிவித்தது எனலாம்.

குற்றமாகிய பயணம்

பம்பாயும் சென்னையும் இணைந்த அதே 1871-இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் இயற்றப்பட்டது. ஓரிடத்தில் தங்காமை ஐயத்திற்குரிய ஒழுக்கமாக நோக்கப்பட்டது. படைக்கு உணவு கொணர்ந்தபோது போற்றப்பட்ட அலைவு, அத்தேவை தீர்ந்தபின் குற்றத்தின் அடையாளமாயிற்று. பஞ்சாரருள் சில பிரிவினர் இச்சட்டத்தின் கண்காணிப்பிற்கு உள்ளாயினர். சென்னை மாகாணத்தில் உப்பும் தானியமும் சுமந்து விற்ற குறவர் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. விடுதலைக்குப் பின், 1952-இல்தான் அச்சட்டம் முற்றாக நீக்கப்பட்டது.

முடிவுரை

மாநில எல்லைகளை அறியாது பயணம் செய்த இச்சமூகம் இன்று தெலங்கானாவில் பழங்குடியினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதியினர், மகாராட்டிரத்தில் விமுக்த சாதியினர் என மூவேறு பட்டியல்களில் பிரிந்து கிடக்கிறது. புதிய போக்குவரத்து முறை பழையதை வெல்வது இயல்பு. ஆனால், பழைய முறையைத் தாங்கியவர்களுக்கு நிலமோ மாற்றுத் தொழிலோ தராது குற்றமுத்திரை தந்தது பொறியின் செயலன்று, அரசின் தேர்வு. சரக்குப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் விரைவையும் செலவையும் மட்டுமன்றி, இத்தேர்வையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.