வாசலும் ஏணியும்: இந்திய ராணுவ அதிகாரிகளின் பணியிடைப் பயிற்சி, 1905 முதல்

இந்திய ராணுவம் இந்தியர் கைக்கு வந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1932-இல் டேராடூனில் 40 கேடட்டுகளுடன் தொடங்கிய ராணுவ அகாதெமியிலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் அணியிலேயே பின்னாளில் தலைமைத் தளபதியான சாம் மானெக்‌ஷா இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அதிகாரியாகச் சேர்வது வேறு, பெரும்படையை நடத்தும் பதவிக்கு உயர்வது வேறு. பின்னதற்கு வழிவிட்டது, பணியில் பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் ஸ்டாஃப் கல்லூரி இடம்தான்.

தளபதி கிச்சனர் காலத்தில், 1905-இல், தேவ்லாலியில் தோன்றிய இக்கல்லூரி 1907-இல் குவெட்டாவுக்கு மாறியது. படை நகர்வு, தளவாட வழங்கல், உத்தரவு வரைதல் என்று தலைமையக வேலைகளை இடைநிலை அதிகாரிகளுக்குக் கற்பிப்பது அதன் பணி. அங்கே கால் நூற்றாண்டுக்கு இந்திய மாணவர் ஒருவர்கூட இல்லை.

அதிகாரியாகச் சேரும் வாசல் டேராடூனுக்கு முன்பே திறந்திருந்தது. 1918 முதல் ஆண்டுக்கு 10 இந்தியர் சாண்ட்ஹர்ஸ்டில் சேரலாம் என்றானது. இந்தூர் டேலி கல்லூரியில் பயின்ற கரியப்பா போன்றோர் 1919-இல் மன்னர் ஆணை பெற்றார்கள். 1923-இல் வந்தது எட்டுப் பிரிவுத் திட்டம். இந்திய அதிகாரிகளை எட்டே படைப்பிரிவுகளில் படிப்படியாக நிரப்புவது என்று முடிவாயிற்று. அதைச் சீர்திருத்தம் என்றது அரசு. வெள்ளையர் எவரும் இந்தியரின் கீழ் பணிபுரிய நேராதபடி போட்ட வேலி என்பதே என் கணிப்பு.

குவெட்டாவில் நுழைந்த முதல் இந்தியர் கரியப்பா, 1933-இல். ஆணை பெற்று ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. படிப்பு முடித்தவருக்குத் தலைமையகப் பதவி தருவது வழக்கம். அவரோ அதற்கும் சில ஆண்டுகள் காத்திருந்தார். பயிற்சியைச் சமமாகத் தந்தவர்கள் பதவியைச் சமமாகத் தரவில்லை.

1947-இல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனது. அங்கே ஆசிரியராக இருந்த எஸ்.டி. வர்மாவிடம் புதிய இடம் தேடும் பொறுப்பு வந்தது. நீலகிரியில் குன்னூரை ஒட்டிய வெலிங்டன் தேர்வானது. 1948 ஏப்ரலில் முதல் வகுப்பு தொடங்கியது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே கல்லூரியில் படித்ததுதான் இங்கே புதுமை. மாணவர்கள் சிண்டிகேட் எனப்படும் சிறு குழுக்களாக, 'டி.எஸ்.' என்றழைக்கப்படும் பயிற்றுநர் முன்னால் வரைபடத்தை விரித்துத் தங்கள் திட்டத்துக்கு வாதாட வேண்டும். பிறகு படை இல்லாமலே மலைச்சரிவில் நின்று அத்திட்டத்தை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குவெட்டாவில் பயின்ற மானெக்‌ஷா பின்னர் வெலிங்டனுக்குத் தலைவராகவே வந்தார். இன்று தேறுவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டமும் வழங்குகிறது.

தரைப்படை அதிகாரிகளுக்குப் போட்டித் தேர்வே இக்கல்லூரியின் நுழைவு வழி. இங்கே தேறியவர்களுக்குப் பதவி உயர்வில் தனி மதிப்பு உண்டு என்பதால், யார் அந்தத் தேர்வை எழுத முடிகிறது என்பதே பணிவாழ்வின் திருப்பமாகிறது. மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்களைத் தரைப்படை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியது 1992-இல். விமானப்படை மருத்துவர் பத்மா பந்தோபாத்யாய 1978-லேயே வெலிங்டனில் படித்து முடித்தவர் என்றாலும், அது விதிவிலக்கு. தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர ஆணை வழங்க உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்த பிறகே நிலைமை மாறியது. 2022-இல் அவர்கள் முதன்முறையாக அந்தத் தேர்வில் வென்றார்கள். 1992-இலிருந்து எண்ணினால், குவெட்டாவில் நுழையக் கரியப்பா காத்திருந்ததைப்போல இருமடங்குக்கும் மேலான காலம்.