முதல் நேர்கோலை எதை வெச்சு அளந்தாங்க?

பழைய லேத், பழைய டிரில்லிங் மெஷின் வாங்கி, துரு தேய்ச்சு, மறுபடி ஓட வைக்கிற ஆசாமிகள் உலகம் பூரா இருக்காங்க. பெயிண்ட் போயிருக்கலாம், பல்சக்கரத்துல ரெண்டு பல் உடைஞ்சிருக்கலாம். அதுக்கெல்லாம் வழி இருக்கு. ஆனா ஸ்பிண்டில் வளைஞ்சிருந்தா கதை வேற. அதுல மாட்டுற எதுவுமே ஒழுங்கா சுத்தாது. மெஷின் பிழைக்குமா, காயலான் கடைக்குப் போகுமான்னு பெரும்பாலும் முடிவு பண்றது இந்தத் தண்டுதான்.

வளைஞ்சிருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? தச்சர் ஒரு கண்ணை மூடிக்கிட்டு சட்டத்தை நீளவாக்குல பார்த்தே சொல்லிடுவார், "ஒரு நூல் கூட பிசகாது" என்று. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. லேத் ஸ்பிண்டில் விவகாரமோ 0.01 மில்லிமீட்டர். ஒரு நூலுக்குள்ளே முன்னூறு தடவை அடங்கிடும். கண்ணு பத்தாது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நேரான பொருள் வேணும். அது நேருன்னு யார் சொன்னது? அதை அளந்த வேறொண்ணு. அப்போ அதை? கோழியா முட்டையா கதைதான். இந்தப் பதிவு முதல் முட்டையைப் பத்தி :-)

லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேன்னு ஒரு மெக்கானிக் (1771-1831). 1800-ஐ ஒட்டி இவர் செய்த திருகு வெட்டும் லேத் ரொம்பப் பிரபலம். இவர் பட்டறையில ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது, செல்லப்பேரு 'லார்ட் சான்சலர்'. அளவுல ரெண்டு பேருக்குள்ள தகராறு வந்தா கடைசித் தீர்ப்பு அதோடது. வேலையாட்களோட மேஜையில நல்ல தட்டையான இரும்புத் தகடுகளையும் வெச்சிருந்தார். செய்யுற பொருளை அதுல வெச்சு மட்டம் பார்த்துக்கலாம்.

சரி, அந்தத் தகடு மட்டம்னு எப்படித் தெரியும்? இங்கேதான் விஷயம் இருக்கு. ரெண்டு தகடு எடுத்து, ஒண்ணுல சாயம் பூசி, இன்னொண்ணு மேல உரசினா மேடான இடத்துல சாயம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்டி எடுக்கணும். திரும்பத் திரும்பச் செஞ்சா ரெண்டும் கச்சிதமாப் பொருந்திடும். ஆனா பொருந்தினா மட்டம்னு அர்த்தமில்லை. ஒண்ணு கிண்ணம் மாதிரி குழிஞ்சு, இன்னொண்ணு அதே அளவுக்குப் புடைச்சிருந்தாலும் பொருந்தும். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. மூணாவது தகடு வந்தா குட்டு உடைஞ்சிடும். முதல் தகடு புடைப்புன்னா, அதோட பொருந்துற மத்த ரெண்டும் குழியா இருக்கணும். அந்த ரெண்டு குழியும் ஒண்ணோடொண்ணு பொருந்தாது. மூணும், எந்த ஜோடியா மாத்தி வெச்சாலும், எப்படித் திருப்பி வெச்சாலும் பொருந்தினா மூணுமே மட்டம். முன்மாதிரியா ஒரு மட்டத் தகடு தேவையே இல்லை!

மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பத்திக் கட்டுரை படிச்சார். பொடி போட்டுத் தேய்க்காதீங்க, சுரண்டுங்க என்பது அவர் வாதம். தேய்க்கும்போது பொடி ஒரே சீராப் பரவாது, சுரண்டும்போது வேணும்ங்கிற இடத்துல மட்டும் கை வைக்கலாம்.

மட்டத் தகடு கிடைச்சாச்சு. அதுமேல ரெண்டு வி-பிளாக், அதுல ஸ்பிண்டிலோட பேரிங் உட்காரும் பகுதிகள். தண்டு நகராம இருக்க ஒரு முனையில சின்ன எஃகு குண்டு. நடுவுல டயல் கேஜ். (இதுக்கு 1883-ல் பேட்டண்ட் கேட்டு விண்ணப்பித்தவர் அமெரிக்காவின் வால்தம் ஊர் ஜான் லோகன். வால்தம் கடிகாரத்துக்குப் பேர்போன ஊர்ங்கிறது பொருத்தம்தான்.) தண்டை மெதுவா ஒரு சுத்து சுத்தணும். முள் 0.10 மி.மீ. ஆடினா வளைவு 0.05 தான், ஏன்னா முள் மேலேயும் கீழேயும் சேர்த்துக் காட்டுது. ஒரு சுத்துக்கு ஒரு ஏற்றம்னா தண்டு வளைஞ்சிருக்கு. ரெண்டு ஏற்றம்னா தண்டு நேர்தான், முட்டை வடிவத்துல தேஞ்சிருக்கு. மூணு ஏற்றம்னா இன்னும் விஷமம். மைக்ரோமீட்டர் எல்லாப் பக்கமும் ஒரே விட்டம்தான் காட்டும், வி-பிளாக்தான் காட்டிக் கொடுக்கும். 1969-ல் வந்த பிரிட்டிஷ் 50 பென்ஸ் நாணயத்தைப் பாருங்க. ஏழு பக்கம் இருந்தும் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அகலம்.

இந்தச் சோதனைகளை எல்லாம் ஒழுங்குபடுத்திப் புத்தகமாப் போட்டவர் பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர், 1927-ல். அதுவரைக்கும் நல்ல லேத் எதுங்கிறது பெரும்பாலும் விக்கிறவர் வாய்ச்சொல்தான். இவர் சோதனைச் சீட்டு போட்டுக் கொடுத்தார். ஸ்பிண்டில் துளையில நீளமான டெஸ்ட் பாரைச் சொருகிச் சுத்து, மூக்குப் பக்கம் முள் எவ்வளவு ஆடுது, 300 மி.மீ. தள்ளி எவ்வளவு ஆடுதுன்னு எழுது. பின்னாளில் வந்த ஐஎஸ்ஓ 1708 தரத்துல சாதாரண லேத்துக்கு இந்த ரெண்டு எல்லையும் 0.01, 0.02 மி.மீ.

அவர் யூதர். 1933-ல் நாஜிகள் கைது பண்ணி, வேலையைப் பிடுங்கிட்டாங்க. சுவிட்சர்லாந்து, பெல்ஜியம்னு அலைஞ்சு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். 1949-ல் காலமானார். ஆளைத் துரத்த முடிஞ்சது, அவர் போட்ட சீட்டைத் துரத்த முடியலை. லேத் சோதனை எந்த நாட்டில் நடந்தாலும் அவர் முறைதான் அடிப்படை.

டெஸ்ட் பாரே கோணலா இருந்தா? அதுக்கும் மூணு தகடு புத்திதான். பாரை உருவி, அரைச்சுத்து திருப்பி மறுபடி சொருகி அளக்கணும். மேடு பாரோட சேர்ந்து திரும்பினா தப்பு பார் மேல. ஸ்பிண்டிலோட பழைய இடத்துலயே நின்னா தப்பு துளை மேல. நேரான பாரே இல்லாம நேரைக் கண்டுபிடிச்சாச்சு.

அதனால ஸ்பிண்டில் ஆடுதுன்னு தெரிஞ்ச உடனே சுத்தியலைத் தூக்க வேண்டாம். துளையைத் துணியால துடைச்சு, பிசிர் இருந்தா நீக்கி, பாரைத் திருப்பிப் போட்டு அளந்து பாருங்க. அப்புறம் தண்டை மட்டும் வெளியே எடுத்து வி-பிளாக்குல பாருங்க. அழுக்குத் துளையும் தேஞ்ச பேரிங்கும் செஞ்ச குத்தத்துக்கு, நேரா இருக்கிற தண்டு காயலான் கடைக்குப் போக வேண்டியதில்லை.